மூடுபனியில் ஓடிய அக்கா

அந்த மார்கழி முழுக்கக் கங்காதர நெல்லூர் சாலையில் பத்தடி தள்ளி நிற்கும் புளியமரம்கூடத் தெரியாத அளவுக்குப் பனி. திருப்பதியில் நடக்கவிருந்த நெடுந்தூர ஓட்டத்துக்காக நான் விடியலில் பயிற்சி செய்துகொண்டிருந்தேன். விரல்கள் மரத்துப்போகும். திரும்பிவிடலாம் என்று தோன்றும்போதெல்லாம் முன்னால் ஒரு காலடிச் சத்தம் கேட்கும்.

முன்னால் ஓடும் அந்த அக்காவுக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். சுடிதாரின்மேல் தொளதொளவென்று ஆண்கள் ஸ்வெட்டர், காதை மூடிக் கட்டிய துண்டு. மிதந்து போவதுபோல ஓடுவார். ஆனால் எதிரே வண்டி விளக்கு தெரிந்தால் போதும், பால் வாங்கப் போகிறவர்போல நடக்கத் தொடங்கிவிடுவார். வண்டி கடந்ததும் மறுபடி ஓட்டம்.

ஒருநாள் கூடவே ஓடியபடி கேட்டேன். "இந்தக் குளிர்ல எதுக்குக்கா வர்றீங்க? பனி விட்டப்புறம் ஓடலாமே?"

"பனி விட்டா எல்லாரும் பாத்துக்கினு நிப்பாங்கமா. இந்த வயசுல இவளுக்கு இன்னா ஓட்டம்னுவாங்க. பனியில நான் யாருக்கும் தெரியமாட்டேன். அதான் ஆசை தீர ஓடிக்கினு இருக்கேன்."

தை முடிந்து பனி விலகியது. அவரைக் காணவில்லை. இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

பிறகு ஒருநாள், நல்ல வெயிலில், பஸ்ஸுக்குக் காத்திருந்த கூட்டத்தைக் கடந்து அவர் ஓடிவந்தார். எல்லோரும் பார்த்தார்கள். யாரோ சிரித்தார்கள். அவர் நடக்கவில்லை. என்ன நடந்தது என்று கேட்க நானும் பின்னாலேயே ஓடினேன். அவரைப் பிடிக்க முடியவில்லை.