ரயில் குகைக் கல்

மயிலாப்பூர் பத்ரிநாராயணன் வீட்டுக் கற்களைப் பார்ப்பதற்கென்றே லண்டனிலிருந்து விமானம் விட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் கூட்டிச் சொன்னதுதான். வந்தவர் ஒரே ஒருவர்; அவரும் கச்சேரி கேட்க வந்து மழைக்கு ஒதுங்கியவர். ஆனால் அந்த ஒரு கல்லின் முன்னால் அவர் வாயடைத்து நின்றது நிஜம்.

எலுமிச்சை அளவு வெள்ளைப் படிகம். வெள்ளைக்காரன் காலத்தில் மேற்கு மலையில் ரயிலுக்குக் குகை குடைந்தபோது பாறைக்குள்ளிருந்து வந்தது. எடுத்த எஞ்சினியரே கைப்பட எழுதிய சீட்டு அதன் அடியில் இருந்தது. அதே ஜாதியில், அதே அளவில் இன்னும் இரண்டு பத்ரி வைத்திருந்தார். அவை சமீபத்தில் யாரோ கிணறு வெட்டியபோது கிடைத்தவை. மூன்றுக்கும் வித்தியாசம் சீட்டு மட்டும்தான்.

டிசம்பர் புயலில் தரைத்தளத்தில் தண்ணீர் ஏறியது. அவர் பெட்டிகளைத் தூக்கித் தூக்கி மாடிப்படியில் வைத்தார். மனைவி சுப்புலக்ஷ்மி நனைந்த சீட்டுகளையெல்லாம் பொறுக்கி, வெயில் வந்ததும் மொட்டைமாடியில் பழைய வேஷ்டி விரித்து வடாம் போலக் காயவைத்தாள். கற்களையும் அலம்பித் துடைத்தாள். எது எதனுடையது என்பதுதான் போயிற்று.

"கிழிஞ்சிருந்தாத் திட்டுங்கோ. முழுசாத்தானே கொடுத்தேன்."

"வடாம்னா வறுத்துத் தின்னுடலாம்டி. இதை என்ன பண்றது?"

மற்றவற்றைக் கல்லின் ஜாதி பார்த்துச் சேர்த்துவிட்டார். இந்த மூன்றும் மாதக்கணக்கில் மேஜைமேல் கிடந்தன. லென்ஸில் பார்த்தார், தராசில் நிறுத்தார், கண்ணை மூடிக் கையில் உருட்டினார். தினமும் தொட்டுப் பார்த்த கல்லை அவருக்கே அடையாளம் தெரியவில்லை.

பிள்ளை இல்லாத வீடு. தன் காலத்துக்குப் பிறகு கற்களுக்கு ஓர் இடம் வேண்டுமென்று கல்லூரி அருங்காட்சியகத்துக்கு அவரே சொல்லியிருந்தார். அங்கிருந்து ஷகீலா மேடம் வந்தார்.

"ரயில் கல் இருந்தா மொத்தத்துக்கும் உங்க பேர்ல தனிக் கண்ணாடி அலமாரி, சார். இல்லேன்னா பசங்க கீறிப் பார்த்துப் படிக்கிற தட்டுக்குத்தான் போகும்."

பத்ரி நடுக்கல்லை எடுத்துச் சீட்டின்மேல் வைத்தார். விரல் அதை விடவில்லை.

"இதுதான்."

"நிச்சயமா, சார்?"

"நாப்பது வருஷமா என் ஆத்துல இருக்கு. எனக்குத் தெரியாதா?"

ஷகீலா பேனாவைத் திறந்தார். காபியோடு வந்த சுப்புலக்ஷ்மி டம்ளரை மேஜையில் வைத்தாள்.

"அவருக்குத் தெரியாதும்மா. நேத்து வரைக்கும் இந்த ஓரத்துக் கல்லுன்னார். அதுக்கு முன்னாடி அந்த ஓரம். தெரியலைன்னே எழுதிக்கோ."