மானேஜர் பெயர் வராத வாக்கியம்

வேலூர் மிஷன் பள்ளியில் எனக்கு நன்றாக வந்தது ஒன்றே ஒன்றுதான், பார்சிங். ஓர் இங்கிலீஷ் வாக்கியத்தைக் கொடுத்தால் இது எழுவாய், இது பயனிலை, இது செயப்படுபொருள் என்று பிரித்து வைத்துவிடுவேன். செய்வினையைச் செயப்பாட்டுவினையாக மாற்றச் சொன்னால் வகுப்பில் முதலில் எழுந்து நிற்பவன் நான். அந்தத் தகுதியில்தான் ஆம்பூரில் ஒரு தோல் பதனிடும் சாலையில் கடிதம் எழுதும் கிளார்க்காக எடுத்துக்கொண்டார்கள். வீட்டில் சாப்பிடுகிறவர்கள் ஆறு பேர். வேலைக்குப் போவது நான் ஒருவன்.

சேர்ந்த இரண்டாம் வருஷம் அந்த விபத்து. முடி போவதற்காகத் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புத் தொட்டிகளின் மேல் நடப்பதற்குப் பலகை போட்டிருப்பார்கள். ஒரு பலகை உளுத்துப்போயிருந்தது. மாதனூரிலிருந்து வரும் தொழிலாளி ஒருவர் மானேஜரிடம் அதை இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை நானும் பக்கத்தில் இருந்தேன்.

"பாத்துக்கலாம், போ" என்றார் மானேஜர்.

மூன்றாம் நாள் காலை அந்தத் தொழிலாளி ஈரத்தோலைச் சுமந்து போகும்போது பலகை முறிந்து, தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தார். உயிர் தப்பியது. கண்கள் இரண்டும் போய்விட்டன.

சர்க்கார் இன்ஸ்பெக்டருக்கு இங்கிலீஷில் அறிக்கை கொடுக்க வேண்டும். மானேஜர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யாரு போட்டாங்க, யாரு சொன்னாங்கன்னு ஒண்ணும் வரக்கூடாது. பொய்யும் எழுதாத, பின்னால பேஜாரு. உனக்குத் தெரியும்ல?"

தெரியும். அதுதான் கஷ்டம். 'மானேஜர் பலகையை மாற்றவில்லை' என்று எழுதினால் மானேஜர் எழுவாய். 'பலகை மாற்றப்படவில்லை' என்றால் பலகை எழுவாய். மானேஜர் வாக்கியத்தை விட்டே போய்விடுவார். இங்கிலீஷில் அது சுத்தமான இலக்கணம், மரியாதையான நடை. அரைமணி நேரத்தில் முடித்தேன். பொய் ஒன்றுகூட இல்லை. அடியில் என் கையெழுத்தைப் போட்டேன்.

மறுநாள், ஆஸ்பத்திரியில் கிடந்த அந்தத் தொழிலாளிக்குப் பதிலாக அறிக்கையில் கைநாட்டு வைக்க அவர் மனைவியை வரவழைத்தார்கள்.

"இன்னா எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லு சாமி."

தமிழில் சொன்னேன். "பலகை போடப்பட்டிருந்தது. அது மாற்றப்படவில்லை."

"யாரு மாத்தல?"

"அது இதுல இல்லம்மா."

"எங்க வூட்டுக்காரரு ரெண்டு வாட்டி சொன்னாரே, அது?"

"முன்பே தெரிவிக்கப்பட்டதுன்னு போட்டிருக்கு."

"யாருகிட்ட?"

மானேஜர் வாசலிலேயே நின்றிருந்தார். நான் மைத்தட்டை அந்த அம்மாவின் பக்கம் நகர்த்தினேன். கட்டைவிரலை அழுத்திவிட்டு, சேலைத் தலைப்பில் துடைத்தபடி என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இன்ஸ்பெக்டர் வெள்ளைக்காரர். அறிக்கையைப் படித்துவிட்டு, "நல்ல இங்கிலீஷ்" என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார். மதிய ரயிலுக்குப் போய்விட்டார். யார்மேலும் குற்றம் இல்லை என்று முடிந்தது.

அதற்குப் பிறகு யாருக்கு என்ன ஆனாலும் அறிக்கை எழுதுவது என் வேலையானது. விரல் துண்டிக்கப்பட்டது. கால் நசுக்கப்பட்டது. நாலு வருஷம் எழுதினேன். ஒருநாள் இனி முடியாது என்று ராஜினாமாக் கடிதத்தோடு மானேஜரிடம் போனேன். அவர் அதைப் பிரிக்கவில்லை. அலமாரியைத் திறந்து பழைய அறிக்கைக் கட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"எல்லாத்துலயும் நீதான் கையெழுத்துப் போட்டிருக்க. எம்பேரு எங்கனா இருக்கா, தேடிப் பாரு. அப்புறம் போறதுன்னா போ."

தேட வேண்டியதில்லை. அந்தப் பெயர் வராமல் எழுதியவன் நான்தானே. கடிதத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு என் நாற்காலிக்குத் திரும்பினேன். அதில் இன்னும் பதினோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன்.