படகின் இடப்பக்கச் சுவர்

காலையில் மனைவி ஞானம்மா அடுப்புப் பக்கம் எழுந்து போனதும் தாவீது சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுப்பான். படுக்கையின் தலைமாட்டில் படகின் இடப்பக்கச் சுவர். அதற்கு அந்தப் பக்கம் கடல். காசின் விளிம்பால் சுவரை மெதுவாகத் தட்டிக்கொண்டே போவான். டக் டக் என்று இறுகிய சத்தம் வரும். முழங்கை உயரத்தில் ஓரிடத்தில் மட்டும் சத்தம் அமுங்கி, பூசணிக்காயைத் தட்டியதுபோல் கேட்கும். அந்த இடத்தைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தான். அமுங்கிய சத்தம் கோட்டைத் தாண்டாமல் நின்றால்தான் அன்றைக்கு அவனுக்குக் கஞ்சி இறங்கும்.

அது 1991, மார்ச் மாதம். படகு அந்தமான் தீவுகளுக்கு நடுவே நங்கூரம் போட்டிருந்தது.

படகைச் செய்ததே தாவீதுதான். மண்ணூரில் ஒரு ஃபைபர் ஷெட்டில் பதினான்கு வருஷமாகத் தண்ணீர்த் தொட்டியும் நாற்காலியும் செய்த கை அவனுடையது. கண்ணாடி நார் விரிப்பை அச்சின் மேல் பரப்பி, ரெசின் பசை தடவி, உருளையால் உள்காற்றை வெளியே தள்ளி, அடுக்கடுக்காக ஏற்ற வேண்டும். கப்பல் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கேப்டன் ரகுபதி அங்கே வந்து ஒரு பாய்மரப் படகு கேட்டார். காலமான மனைவி சசிரேகாவின் பெயரை அதற்கு வைப்பதாகச் சொன்னார்.

போன வருஷம் ஐப்பசி மழையில் ஷெட் கூரை ஒழுகிக் கடைசிச் சுருள் விரிப்பு நனைந்துபோனது. புதுச் சுருள் வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். மழை விட்ட ஒரு மத்தியானம், ஊரார் நெல் காயவைக்கிற ரோட்டிலேயே தாவீது விரிப்பைப் பரப்பி, நான்கு மூலைக்கும் கல் வைத்தான். சாயங்காலம் தொட்டுப் பார்த்தான். காய்ந்தாற்போலத்தான் இருந்தது. இடப்பக்கத்து மூன்றாம் அடுக்கில் அதைப் பதித்தான். படகை அச்சிலிருந்து எடுத்த பிறகு தட்டிப் பார்த்தால், ஒரு சாண் அகலத்துக்குச் சத்தம் அமுங்கியிருந்தது. அடுக்குக்குள் ஈரம் மாட்டிக்கொண்டது. சொல்லியிருந்தால் அறுத்து எடுத்திருக்கலாம். நாளைக்குச் சொல்வோம் என்று இருந்தான். அதற்குள் பெயிண்ட் அடித்துவிட்டார்கள்.

பொங்கலுக்கு முந்தின வாரம் கேப்டன் வீட்டுக்கே வந்தார்.

"செஞ்சவனே கூட இருந்தா எனக்குப் பயமில்ல. தீவுங்கள ஒரு சுத்து சுத்திட்டு ஏப்ரல்ல திரும்பிடலாம். வர்றியா தாவீது?"

ஞானம்மா முந்திக்கொண்டாள். "அது வந்தா நானும் வருவேன் சார். சமையல் எங்கையில வுடுங்க. புள்ளையா குட்டியா, எனக்கு இங்க இன்னா வேலை?"

அப்படித்தான் அவர்கள் கடலுக்கு வந்தார்கள். ஒன்பது நாள் போர்ட் பிளேருக்கு. முதல் மூன்று நாள் ஞானம்மா வாந்தி எடுத்துக்கொண்டே சோறு பொங்கினாள். பிறகு பழகிவிட்டாள். ஆடுகிற அடுப்பில் சட்டியைக் கம்பியால் கட்டக் கற்றாள். பாயில் விழும் மழையைக் குடத்தில் பிடித்தாள். பின்பக்கம் கட்டியிருந்த வாழைத்தாரில் தினமும் பழுத்ததைப் பறித்தாள். ஒவ்வொரு தீவிலும் இறங்கிச் சிப்பி பொறுக்கினாள். இவ்வளவு சிரித்து அவளை தாவீது பார்த்ததில்லை. அவள் தலை வைத்துப் படுப்பது அந்தச் சுவரின் பக்கம்தான்.

மார்ச் மூன்றாம் வாரத்துக்குள் அமுங்கிய சத்தம் கோட்டைத் தாண்டி இரண்டு விரல் வளர்ந்திருந்தது. பௌர்ணமி கழிந்ததும் திரும்பலாம் என்றார் கேப்டன். அப்புறம் ஒன்பது நாள் கரையே கிடையாது.

மறுநாள் காலை அவன் காசை எடுத்துக்கொண்டு குனிந்தபோது சுவர் பளிச்சென்று இருந்தது. கோட்டைக் காணோம்.

"கோடு எங்க?"

"இன்னா கோடு? யாரோ கிறுக்கி வச்சிருந்தாங்க, தேங்கா நாரு போட்டு தேச்சிட்டேன். ஏன்யா மூஞ்சி இப்படிப் போவுது? தெனம் செவுராண்ட குந்திக்கினு ஜபம் பண்றியே, அதுக்குப் போட்ட சிலுவையா?"

அவன் படுக்கையில் உட்கார்ந்துவிட்டான். ரோட்டில் காயவைத்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே கையிலிருந்த தேங்காய் நாரைப் பிய்த்தாள்.

"ரெண்டு மாசமா என் தலைய அது மேல வச்சிப் படுக்க வச்சிருக்க."

"ஞானம்..."

"பேசாத. சாராண்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டா?"

அவனே சொன்னான். கேப்டன் காசை வாங்கித் தானே தட்டினார். இரண்டு முறை தட்டினார்.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மண்ணூர்லயே தெரியும் சார்."

அவர் திட்டவில்லை. அன்றிலிருந்து தாவீதோடு பேசவும் இல்லை. இரண்டடி தள்ளி அவன் நிற்கும்போதே, "ஞானம்மா, உன் புருஷன கயித்தப் புடிக்கச் சொல்லு" என்பார்.

போர்ட் பிளேரிலிருந்து விரிப்பும் ரெசினும் வரவழைத்தார்கள். பௌர்ணமியன்று கடல் நன்றாக வற்றியபோது படகை மணல்திட்டில் வலப்பக்கமாகச் சாய்த்தார்கள். தண்ணீர் திரும்ப ஆறு மணி நேரம் இருந்தது. தாவீது உள்ளிருந்து அறுத்தான். மூன்றாம் அடுக்கு ஈர முடிபோல் கையோடு வந்தது. புளித்த வாடை அடித்தது. வெளி அடுக்கு இரண்டும் கெட்டியாக இருந்தன. கடலை இவ்வளவு நாளும் தடுத்தவை அவைதான்.

"இந்த விரிப்பு காஞ்சிருக்கான்னு யாரு பாக்கறது? உன் புருஷன் வேணாம்" என்றார் கேப்டன்.

ஞானம்மா விரிப்பை வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "கைக்கு தெர்யாது சார், கன்னத்துக்கு தெர்யும். இந்த மூலை இன்னும் காயணும்."

கண்ணாடி நார் முள்ளாகக் குத்தும் என்பது அவளுக்குத் தெரியாது. அதைச் சொல்ல தாவீதுக்கு வாய் வரவில்லை. மூலை காய்ந்த பிறகு அடுக்கு ஏற்றினான். கடைசி அடுக்கு இறுகியபோது தண்ணீர் படகின் அடியைத் தொட்டுவிட்டது.

திரும்பும் வழியெல்லாம் ஞானம்மா கன்னத்தைச் சொறிந்துகொண்டே வந்தாள். ஆனால் தலையணையை இடம் மாற்றவில்லை. "தட்டு" என்பாள். அவன் தட்டுவான். டக். "இன்னொரு வாட்டி." டக்.

ஐந்தாம் நாள் பிற்பகல் வானம் கறுத்துக் காற்று தூக்கி அடித்தது. படகு இடப்பக்கமாகச் சாய்ந்து சுவர் முனகியது. தாவீது இரண்டு உள்ளங்கையையும் அதில் ஊன்றிக்கொண்டு நின்றான். கேப்டன் நனைந்தபடி இறங்கி வந்து கையை நீட்டினார். அவன் காசைக் கொடுத்தான். அவர் மேலிருந்து கீழ்வரை தட்டிவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுத்தார்.

"தாவீது, பெரிய பாய இறக்கணும். வா."

"தோ வந்துட்டேன் சார்" என்றான். அவர் படியேறும்வரை பொறுத்திருந்து, இன்னும் ஒரு தடவை தட்டிப் பார்த்துவிட்டு மேலே ஓடினான்.