ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தவர்

வெளிநாட்டுச் சாலையில், பாபகூரா என்ற ஊரிலிருந்தே எங்கள் மோட்டார் ஹோம் என்ற வீட்டு வண்டிக்குப் பின்னால் ஒரு வேன் ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது. முந்தச் சொல்லிக் கைகாட்டியும் முந்தவில்லை. எரிச்சலோடு ஓரமாக நிறுத்தினோம். இறங்கி வந்தவருக்கு ஆறடி உயரம், கம்பளித் தொப்பி, நரைத்த தாடி. தமிழராக இருப்பார் என்று தோன்றவே இல்லை. பாதி இறக்கிய கண்ணாடி வழியே அவரைப் பார்த்து, கணவரிடம், “கதவைத் திறக்காதீங்க, குடிச்சிருக்கான் போல” என்றேன்.

“ஓம் தங்கச்சி, குடிச்சனான். தேத்தண்ணி. பின்னால வந்து பாருங்கோ” என்றார் அவர், இலங்கைத் தமிழில்.

நாங்கள் இழுத்துவந்த சின்னக் காரின் கொக்கி உடைந்து, ஒற்றைச் சங்கிலிதான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. கிளம்பும்போது கொக்கி, சங்கிலி, விளக்கு என ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பொறியாளர் நான்தான். சங்கிலி அறுந்தால் வேறு யார்மீதும் கார் மோதிவிடக் கூடாதென்று அவர் தன் வேனை இடையில் வைத்தே ஓட்டி வந்திருக்கிறார்.

பேசும்போதெல்லாம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்க்காமலிருக்கத்தானோ என்னவோ.

“மன்னிச்சுக்குங்க அண்ணா.”

“விடுங்கோ. ஹோர்ன் அடிக்கேக்க நானும் உங்களைக் கண்டபடி ஏசினனான். உங்களுக்குக் கேக்கேல்லை, அவ்வளவுதான்.”

உண்மையிலேயே திட்டினாரா, எனக்காகச் சொன்னாரா, தெரியவில்லை. திட்டியிருக்க வேண்டும் என்றுதான் இன்றும் ஆசைப்படுகிறேன்.