பக்கத்து வீட்டுக் கோப்பையில் ஒரு பச்சை முட்டை

தில்லையடியில் எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் அடுத்த வீட்டுக் கோப்பையை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். வட்டிலப்பம் வந்த கோப்பையில் இன்னொரு இனிப்பாகத் தொதல் போகும். தொதல் இல்லாவிட்டால் நாலு வாழைப்பழமாவது போகும். நல்ல வழக்கம்தான். ஆனால் என் பக்கத்து வீட்டுக்காரி என்னைவிட நன்றாகச் சமைப்பாள். அதனால் கோப்பை போய் வரும் ஒவ்வொரு தடவையும் எனக்கு வயிறு எரியும்.

போன வருடம், நாலாம் வகுப்பில் படித்த என் மகளிடம் வீட்டுச் சாமான்களை வைத்து ஒரு விஞ்ஞானப் பரிசோதனை செய்துவரச் சொல்லியிருந்தார்கள். கோழிமுட்டையை வினாகிரியில் ஊறப்போட்டால் இரண்டு நாளில் ஓடு மட்டும் கரைந்துவிடும். உள்ளே இருக்கும் பச்சை முட்டை மெல்லிய தோலோடு பந்து போல நிற்கும். அதைச் செய்யப் போகிறேன் என்று ஒரு கண்ணாடிக் கோப்பை கேட்டாள். எங்கள் வீட்டில் அப்போது உடையாமல் இருந்த ஒரே கண்ணாடிக் கோப்பை, பக்கத்து வீட்டிலிருந்து வட்டிலப்பம் வந்ததுதான்.

அதில் முட்டையை ஊறப்போட்டு, இரண்டு நாளும் போய்ப் போய்ப் பார்த்தாள். முட்டை குமிழி விடுகிறது என்று, தொழுதுகொண்டிருந்த என் காதுக்குள் வந்து சொன்னாள். ஓடு முழுக்கக் கரைந்த அன்று ஸ்கூல் விட்டு வந்தவள், குசினிக்குள் போன வேகத்திலேயே திரும்பி வந்தாள்.

"உம்மா, என்ட முட்டையக் காணல்ல."

மறுநாள் காலையில் அதை வகுப்பில் காட்ட வேண்டும். இன்னொன்றை ஊறப்போட நேரமில்லை.

கதிரையில் சாய்ந்திருந்த என் கணவர்தான் வாய் திறந்தார். "அந்தக் கோப்பையா? நான் பக்கத்து வீட்டுக்குக் குடுத்துட்டன். எத்தின நாளா இங்க கிடக்கு. வெறுங்கோப்பையாக் குடுக்கல்ல, நீ போட்ட முட்டை அச்சாறோட தான் குடுத்தன்."

"முட்டையில யாராவது அச்சாறு போடுவாங்களா?"

"வினாகிரி மணத்திச்சு. நீ எதுலயும் போடுவ எண்டு நெனச்சன்."

அதற்குப் பதில் சொல்ல அப்போது நேரமில்லை. பிறகு நிறையச் சொன்னேன். முட்டை இந்நேரம் மீன் ஆணத்துக்குள் கொதித்துக்கொண்டு கிடக்கும் என்ற பயத்தோடு மகளைப் பிடித்துக்கொண்டு ஓடினேன்.

பக்கத்து வீட்டுக்காரி குசினியில் முழங்கை வரைக்கும் முட்டை வழிய நின்றாள். ஒரு சட்டி நிறைய உடைந்த முட்டை. எங்கள் முட்டை மட்டும் மேசை நடுவில், கோப்பைக்குள் பத்திரமாக இருந்தது.

"வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தன்," என்றாள், என் முகத்தைப் பார்க்காமல். "உள்ளுக்கு மஞ்சக்கரு ஓடுது. பச்ச முட்டை. அவிக்காம எப்படி ஓட்ட உரிச்ச? நானும் காலையில இருந்து உரிக்கிறன், ஒண்டும் சரிவருதில்ல."

அவள் என்னிடம் ஒரு செய்முறை கேட்டது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோசத்தைக் கொஞ்ச நேரமாவது வைத்திருக்க ஆசைப்பட்டேன். எல்லாம் கைப்பழக்கம்தான் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் முந்திக்கொண்டாள்.

"உரிக்கல்ல சாச்சி. வினாகிரியில போட்டா ஓடு கரைஞ்சிரும். அது என்ட ஸ்கூல் முட்டை, நாளைக்குக் காட்டணும்." சொல்லி முடிக்கும்போதே அழுதுவிட்டாள்.

பக்கத்து வீட்டுக்காரி தரையில் உட்கார்ந்து சிரித்தாள். சிரித்து ஓய்ந்ததும் கை கழுவி, பிள்ளையின் முகத்தைத் துடைத்து, கோப்பையைத் தூக்கி அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினாள். நான் நீட்டிய கையைக் கண்டுகொள்ளவே இல்லை.

"உங்கட வீட்டுல வச்சா அந்த மனிசன் இன்னொரு வீட்டுக்குக் குடுத்துருவாரு. விடிய நானே கொண்டு போறன்."

மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம் சாச்சி, அதுதான் நல்லம்," என்றாள்.

விடிந்ததும் ஸ்கூல் வேனில் என் மகளுக்குப் பக்கத்தில் அவள் ஏறி, கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு போனாள். எங்களுக்கு ஒரு தட்டு முட்டை ரொட்டி தந்துவிட்டுத்தான் போனாள். முட்டை உடையாமல் வகுப்புக்குப் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் எல்லோரும் தொட்டுப் பார்த்தார்களாம். வீட்டில் யார் யார் உதவி செய்தார்கள் என்று டீச்சர் கேட்டாராம்.

"வாப்பாவத் தவிர எல்லாரும்," என்றாளாம் மகள்.