மைனா வரும்வரை

அந்த விருது கிடைக்க வேண்டும் என்று பத்மாவதிக்கும் ஒரு காலத்தில் ஆசை இருந்தது. கட்டுரை திரும்பத் திரும்ப மேசைக்கு வந்ததில் ஆசை தேய்ந்து, சீக்கிரம் முடிந்தால் போதும் என்றாகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு, அக்டோபர் மாதம். நியூசிலாந்தில், ஆக்லாந்தை ஒட்டிய மனுரேவாவில் அவள் படித்த பள்ளியில், நன்றாகப் படிக்கிறவர்களுக்கென்று ஒரு கௌரவச் சங்கம் இருந்தது. வேலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு அச்சங்கம் சனிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தில் பாடம் சொல்லிக் கொடுத்தது. அதைப்பற்றி எழுதி, ஆக்லாந்துப் பள்ளிகளுக்கான சேவை விருதுக்கு அனுப்ப வேண்டும். இறுதிச் சுற்றுக்கு வரும் கட்டுரைகளைப் பெற்றோர் முன்னிலையில் மேடையில் வாசிப்பார்கள்.

கட்டுரைக்குச் சங்கத்திலிருந்து மூன்று பேர். பத்மாவதி எழுதுவாள். ஆனந்தராசா திருத்துவான். இருவரும் யாழ்ப்பாணத்தார். சவிதா தட்டச்சு செய்வாள். அவளுடைய குடும்பம் பிஜித் தீவின் சுவாவிலிருந்து வந்தது. வீட்டில் இன்னும் கொஞ்சம் தமிழ் மிச்சமிருந்தது.

முதற் கட்டுரையைப் பத்மாவதி ஊர்ச் சங்க ஆண்டறிக்கை மாதிரியே எழுதிவிட்டாள். அதிபருக்கு நன்றி, மண்டபம் தந்தவர்களுக்கு நன்றி, கதிரை அடுக்கியவர்களுக்கு நன்றி. ஒரு பக்கம் முழுக்க நன்றிதான். பொறுப்பாசிரியை மிஸ் ஹார்ட்லி அதைத் திருப்பித் தந்தார். "எல்லாரும் இருக்கிறார்கள். நீங்கள் எங்கே? யாருக்கு என்ன கஷ்டம், நீங்கள் என்ன செய்தீர்கள், அதை எழுதுங்கள்" என்றார்.

கஷ்டத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தவன் ஆனந்தராசா. நூலகத்தில் வைத்து அவன் தன் திருத்தத்தை வாசித்தான். காலை உணவில்லாமல் பசியோடு வந்த குழந்தைகள்; தம் கையாலேயே அவர்களுக்கு உணவு பரிமாறிய சங்க மாணவர்கள்.

"ஆரடா பசியோட வந்தது?" என்றாள் பத்மாவதி.

"எங்கட பிள்ளையள்தான். மத்தியானம் வரைக்கும் ஒண்டும் சாப்பிடேல்லையே."

"அது புரட்டாதிச் சனி விரதம். உனக்குத் தெரியாதே?"

"வெள்ளைக்காரருக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"இன்னொரு தடவை மாத்தினீங்கன்னா டைப்ரைட்டர் ரிப்பனை எடுத்து ரெண்டு பேர் கழுத்துலயும் சுத்திருவேன்" என்றாள் சவிதா. "பேசி முடிச்சிட்டு குடுங்க."

பத்மாவதிக்கு வாதாடத் தெம்பில்லை. அது முழுப் பொய்யும் இல்லை. அந்தச் சனிக்கிழமைகளில் பிள்ளைகள் வெறும் வயிற்றோடுதான் கணக்குப் போட்டார்கள். ஆனால் மண்டபத்து அடுப்படியில் அவளுடைய அம்மா செல்வநாயகியும் மற்றத் தாய்மாரும் காலையிலிருந்தே சமைத்துக்கொண்டிருந்தார்கள். முதற் சோறு காகத்துக்கு. ஆக்லாந்தில் காகத்துக்கு எங்கே போவது? மதில்மேல் வைத்த சோற்றை மைனா வந்து கொத்தும்வரை எல்லாரும் காத்திருந்தார்கள். பிறகு பிள்ளைகளுக்கும் சங்க மாணவர்களுக்கும் இலை போட்டுப் பரிமாறியதும் தாய்மார்தான். ஆனந்தராசா மூன்றாம் முறையும் பருப்பு வாங்கினான்.

"சரி, உன்ர இஷ்டம்" என்று சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தாள்.

செல்வநாயகி பென்ரோஸ் தையல் தொழிற்சாலையிலிருந்து ரயிலில் வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தாள்.

"பிள்ளை, உங்கட கட்டுரை எந்தளவில நிக்குது?"

"முடிஞ்ச மாதிரித்தான்."

"எங்கட சமையலைப் பற்றியும் இருக்கோ? சரோஜாதேவி கேட்டவ. வாசிக்கிற அண்டைக்கு எல்லாரும் சீலை உடுத்திக்கொண்டு வரப்போறமாம். சிவத்த பட்டை அயர்ன் பண்ணவேணும்."

பத்மாவதி அந்த நாளை நினைத்துப் பார்த்தாள். பட்டுச்சீலையில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் அம்மாவைப் பார்த்து ஒருவர் ஒலிபெருக்கியில், உன் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சோறில்லை என்று வாசிக்கப்போகிறார். அம்மாவுக்கு ஆங்கிலம் கொஞ்சந்தான். ஆனால் பசி என்ற சொல் தெரியும்.

மறுநாள் கடைசிப் பக்கத்தை அவள் மறுபடி எழுதினாள். விரதத்தை எழுதினாள். மைனாவை எழுதினாள். நாங்கள் பாடம் சொல்லிக் கொடுத்தோம், அவர்கள் எங்களுக்குச் சோறு போட்டார்கள் என்று எழுதினாள்.

"அப்ப நாங்கள் என்ன சேவை செய்தம்?" என்று கேட்டான் ஆனந்தராசா.

"பின்னக்கணக்குச் சொல்லிக் குடுத்தம். அவ்வளவுதான்டா."

சவிதா அவர்களைப் பார்த்து முறைத்தாள். பிறகு புதுத்தாளைச் செருகித் தட்டத் தொடங்கினாள்.

கட்டுரை இறுதிச் சுற்றுக்குப் போனது. மேடையில் வாசிக்கவும்பட்டது. விருதைக் கடற்கரையில் குப்பை அள்ளிய வேறொரு பள்ளி கொண்டுபோனது.

"பசியை அப்பிடியே விட்டிருந்தா வெண்டிருப்பம்" என்று முணுமுணுத்தான் ஆனந்தராசா.

"மூணு வாட்டி பருப்பு வாங்கினதையும் சேர்த்திருக்கணும்" என்றாள் சவிதா.

வீடு திரும்பும்போது சரோஜாதேவியின் காரில் செல்வநாயகி கேட்டாள்: "மைனா எண்ட மாதிரிக் கேட்டுது. அதையும் எழுதிப்போட்டியோ?"

"ஓம் அம்மா."

"விசர்ப் பெட்டை" என்று செல்லமாகத் திட்டிவிட்டு, சிவத்த பட்டின் தலைப்பை மடியில் நீவிவிட்டுக்கொண்டே அம்மா தூங்கிப்போனாள். பத்மாவதியும் கண்ணாடியில் தலையைச் சாய்த்தாள். இனி அந்தக் கட்டுரையை யாரும் திருப்பித் தரமாட்டார்கள்.