ஸ்டாண்டு எடுக்காத வண்டி

எங்கள் டயர் கடையில் என்னோடு வேலை பார்க்கும் அக்காவின் வண்டிமேல் உட்கார்ந்தவன் எவனும் சும்மா இறங்கிப் போனதில்லை. ஒருமுறை ஒரு லாரி டிரைவர் அதன்மேல் ஏறி, ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தான். அக்கா காலரைப் பிடித்து இறக்கி மூக்கில் ஒரு குத்து விட்டாள். சட்டையெல்லாம் ரத்தம். முதலாளி தாம்தூம் என்று குதித்தார். அவளோ கையைக் கழுவிவிட்டு, அதே ஆளின் டயரைக் கழற்ற உட்கார்ந்துவிட்டாள். அப்படி ஒரு பிறவி.

அது அந்தக் காலத்து ஸ்போர்ட் டூரிங் பைக், நெடுந்தூரம் ஓட்டுவதற்கென்றே செய்தது. நாலு சிலிண்டர், மஞ்சளேறிய முன்கண்ணாடி, இரண்டு பக்கமும் பெட்டி, எருமைக் கனம். விரிசல் விட்ட பிளாஸ்டிக்கை ஒயரால் தைத்து வைத்திருந்தாள். லீவு நாளில் விடிந்ததும் அதில் கிளம்பி எங்கேயோ வெகுதூரம் போவாள்.

"அவ்வளவு தூரம் போயி என்னக்கா பண்ணுவ?"

"திரும்பி வருவேன்."



வண்டிக்கு இரண்டு வியாதி. சூட்டில் அணைத்தால் லேசில் ஸ்டார்ட் ஆகாது. இன்னொன்று அவளே உண்டாக்கியது. சைடு ஸ்டாண்டு இறங்கியிருக்கும்போது கியர் போட்டால் இன்ஜினை அணைத்துவிடுகிற சுவிட்ச் ஒன்று அதில் இருந்தது. மழையில் அது கெட்டுப்போய், நடுரோட்டில் லாரிக்கு முன்னால் வண்டி அணைந்து நின்றது. அக்கா சுவிட்சைப் பிடுங்கி எறிந்து ஒயர்களை முறுக்கிவிட்டாள். அன்றிலிருந்து ஸ்டாண்டு தொங்கினாலும் வண்டி ஓடும். ஆனால் இடப்பக்கம் சாய்த்தால் போச்சு, இரும்பு தரையில் குத்தி ஆளைத் தூக்கி எறிந்துவிடும். அதனால் குதிகாலால் ஸ்டாண்டை உதைத்து, "ஏறிடுச்சு" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் கிளம்புவாள். மந்திரம் சொல்லியாச்சா என்று கடையே கிண்டலடிக்கும்.

ஒரு மதியம் அவள் தங்கச்சி கடைக்கு ஓடிவந்தாள். வாயெல்லாம் ரத்தம், உள்ளங்கையில் உடைந்த முன்பல். புருஷன் கிடங்குக் காவலாளி. வேலைக்குக் கொடுத்த தடியாலேயே விளாசியிருக்கிறான்.

"பாப்பா அங்கேயே இருக்குக்கா. நான் வெளிய போனா தண்ணித் தொட்டியில அமுக்கிடுவேன்னு சொன்னாரு."

அக்கா தங்கச்சியைக் கடையிலேயே உட்காரவைத்துவிட்டு, டயர் நெம்புகிற கம்பியை எடுத்தாள். என்னைப் பார்த்து, "ஏறு" என்றாள். நான் சண்டை என்றால் சந்தில் ஒளிகிற ஆள். மாட்டேன் என்றால் முதல் அடி எனக்கே விழும் என்று பின்னால் ஏறிக்கொண்டேன்.

வீடு ஒரு முட்டுச்சந்தில். பாப்பாவை எடுத்ததும் கிளம்ப வேண்டுமே என்று, இன்ஜினை அணைக்காமல் ஸ்டாண்டில் சாய்த்துவிட்டுக் கதவை உதைத்தாள்.

"மாப்பிள்ளை, புள்ளையக் குடுங்க."

மரியாதையாகத்தான் கேட்டாள். பதிலுக்குத் தடி வந்தது. அக்காவின் இடது மணிக்கட்டு முறிந்த சத்தம் வாசலில் நின்ற எனக்கே கேட்டது. வலது கையால் கம்பியை அவன் தொடையில் இறக்கினாள். ஊளையிட்டான். அடுத்த அடி அவள் நெற்றியைப் பிளந்தது. பீரோ கண்ணாடி நொறுங்கியது. நான் பாய்ந்து அவன் இடுப்பைப் பிடித்தேன். முழங்கையால் என் வாயில் ஒன்று விட்டான், சுவரோடு ஒட்டிக்கொண்டேன். என் வீரம் அவ்வளவுதான்.

கட்டிலுக்கடியில் பதுங்கியிருந்த பாப்பாவைக் காலைப் பிடித்து இழுத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நொண்டியபடி வெளியே ஓடினான். வண்டி உறுமிக்கொண்டு நின்றது. பாப்பாவை டேங்கின்மேல் போட்டுக் கியரைத் தட்டினான். ஸ்டாண்டு தொங்கிக்கொண்டிருந்தது.

"ஸ்டாண்டு! மாப்பிள்ளை, ஸ்டாண்ட எடுங்க!" அக்கா தொண்டை கிழியக் கத்தினாள்.

"யாருகிட்டடி கதை விடுற? ஸ்டாண்டு இருந்தா வண்டியே அணைஞ்சிடும்!"

மற்ற வண்டிகளுக்கு அது சரிதான்.

வண்டி சந்தின் உட்பக்கம் பார்த்து நின்றதால், கோடிச் சுவர்வரை போய் வலப்பக்கமாக வளைத்துத் திருப்பினான். அந்தப் பக்கம் சாய்ந்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தெருமுனையில் மெயின்ரோட்டுக்கு இடப்பக்கம்தான் திரும்பியாக வேண்டும். அக்கா நடுத்தெருவில் போய் நின்றாள். அவன் இடிக்கத்தான் வந்தான். கடைசி நொடியில் விலகி, ஒற்றைக் கையால் பாப்பாவின் சட்டையைப் பற்றி வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள். வண்டியின் பெட்டி அவள் விலாவில் இடித்தது. இருவரும் மண்ணில் உருண்டார்கள். பாப்பா வீறிட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அவன் தடுமாறி நிறுத்தினான். திரும்பிப் பார்த்துக் காறித் துப்பினான்.

"நாளைக்கு வந்து அக்கா தங்கச்சி, புள்ள, மூணு பேரையும் வெட்டிப் போடுறேன்."

மறுபடி கியரைத் தட்டினான். ஸ்டாண்டு அப்படியே தொங்கியது. அக்கா அதைப் பார்த்தாள். நான் அக்காவைப் பார்த்தேன். அவள் வாயைத் திறக்கவே இல்லை.

முனையில் ஆத்திரத்தோடு இடப்பக்கம் சாய்த்தான். இரும்பு தரையைக் கீறியது. வண்டி அவனைத் தூக்கி மின்கம்பத்தில் அடித்தது. நாங்கள் போய்ப் பார்த்தபோது கழுத்து ஒரு பக்கமாக ஒடிந்து கிடந்தான். உடைந்த பெட்டியிலிருந்து அக்காவின் மழைக்கோட்டு ரோட்டில் விழுந்து கிடந்தது.

ஆஸ்பத்திரியில் அக்காவுக்கு மாவுக்கட்டுப் போட்டு, நெற்றியில் தையலும் போட்டார்கள். பாப்பா அவள் மடியில் தூங்கிப்போயிருந்தது. வீங்கிய உதட்டோடு மெதுவாகக் கேட்டேன்.

"ரெண்டாவது தடவை ஏன்க்கா சொல்லல?"

அக்கா பாப்பாவின் தலையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"மொத தடவை மட்டும் அவனுக்கா சொன்னேன்?"